மின்பாடம் தயாரிக்கும் மென்பொருள் தடையின்றி ஓடுதற்குரிய முறைகள்

செஞ்சிப் பகுதியில் மானாவாரி மணிலா பயிரிடும் குடியானவர்களுக்குச் சிவப்புக் கம்பளிப்புழுவைப் பற்றி நாம் புதிதாக அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. கோடை கழிந்து முதற்பெருமழை பெய்து மண் நன்றாக நனைந்ததும், நிலத்தினுள் பல மாதங்களாகக் கூட்டுப்புழுவாய் உறங்கிக் கிடந்தவை இரண்டு மூன்று நாட்களுக்குள் அந்துப்பூச்சிகளாக வெளிக்கிளம்பி முட்டையிடத் தொடங்குகின்றன. அந்தச் சில இரவுகளில் விளக்குப்பொறி வைத்தும், வரப்புகளில் தீ மூட்டியும் பூச்சிகளை அழிப்பவர்களுக்கு வேலை இலேசாக முடியும். அதைத் தவறவிட்டவர்கள் இலைகளின் அடிப்புறத்திலுள்ள முட்டைக் குவியல்களையும், பொரித்தவுடன் கூட்டமாய் இருக்கும் இளம்புழுக்களையும் பொறுக்கி அழிக்கவேண்டும். அதையும் தவறவிட்டால், சாரிசாரியாக வயல் விட்டு வயல் செல்லும் வளர்ந்த புழுக்களைத் தடுக்க வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவதைத் தவிர வேறு வழி குறைவு. ஆதலால் இப்பூச்சியைப் பற்றிய பாடம் எதுவாயினும் மழைக்கு முன்பே குடியானவரிடம் சேர்ந்திருத்தல் அவசியம்.

இக்காலத்தில் அத்தகைய பாடங்கள் பெரும்பாலும் கணினியில் தயாராகின்றன. வேண்டிய விஷயங்கள் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் இணையத்தளத்திலும், நமக்கு அண்மையிலுள்ள திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்திலும் கிடைக்கின்றன. அவற்றைப் படம், குரல், வினா விடை ஆகியவற்றோடு ஒன்றாகக் கோத்துக் கைப்பேசியில் பார்க்கத்தக்க மின்பாடமாக்கித் தரும் மென்பொருள்கள் பல உள. விலைக்குக் கிடைப்பவற்றில் ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன், அடோபி கேப்டிவேட் என்பவை பெயர் பெற்றவை. விலையின்றிக் கிடைப்பவற்றில், நியூஸிலாந்தில் தோன்றிப் பின்னர் ஸ்பெயின் தேசத்தாரால் பேணப்பட்டு வரும் எக்ஸிலேர்னிங் என்பதும், நார்வேயில் தோன்றிய எச்5பி என்பதும் குறிப்பிடத்தக்கவை. கிராம நிர்வாக அலுவலரோ, உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் எழுத்தரோ, படித்துவிட்டு ஊரில் நிலத்தைக் கவனித்துக்கொண்டிருக்கும் இளைஞரோ, ஒரு மாதப் பழக்கத்தில் இவற்றைக் கையாளக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொண்டவர் யாவரும் முதலில் சொல்லும் குறை ஒன்றே. பாடம் வளர வளர மென்பொருள் மந்தமாகி, வேலை முடியும் தறுவாயில் தானே மூடிக்கொண்டுவிடுகிறது என்பதே அது.

இக்குறையை நானும் அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மேற்சொன்ன கம்பளிப்புழுவைப் பற்றியே ஒரு பாடம் தொகுக்க முற்பட்டேன். கைப்பேசியில் எடுத்த 46 புகைப்படங்களையும், பன்னிரண்டு நிமிடக் குரற்பதிவையும் அவை வந்தபடியே மென்பொருளுக்குள் இட்டேன். முதல் வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போக, ஒருவர் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொள்ளும் நேரம் பிடிக்கலாயிற்று. மூன்றாம் வாரத்து முடிவில், வெளியீட்டுப் பொதி கட்டும்படி கட்டளை கொடுத்ததும் திரை அசைவற்று நின்று, மென்பொருள் மூடிக்கொண்டது. மறுபடி திறக்க, கோப்பு பழுதுபட்டது என்ற வாசகம் வந்தது. அக்கோப்பு ஒரு பென்டிரைவில் மட்டுமே இருந்தது. வேறு பிரதி கிடையாது. நான்காம் நாள் மழை பெய்தது. கூட்டத்தில் நான் வாயால் விவரித்ததைப் பொறுமையுடன் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "புழுவை நாங்கள் அறிவோம், முட்டை எப்படி இருக்கும் என்று காட்டுவதாகச் சொன்னீர்களே, ஐயா?" என்றார். அவருக்குக் காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை.

சுமை எங்கே இருக்கிறது

இந்நிலையில் பெரும்பாலோர் கணினியைக் குறைகூறிப் புதியதொன்று வாங்கவே எண்ணுகின்றனர். அது பல வேளைகளில் வீண்செலவு. காரணத்தைச் சிறு கணக்கொன்றால் அறியலாம்.

இக்காலக் கைப்பேசி எடுக்கும் புகைப்படம் சாதாரணமாக 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உடையது. ஆக 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். கோப்பாக இருக்கும்போது சுருக்கப்பட்டிருப்பதால் அது நாலைந்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் திரையில் காட்டுவதற்காகக் கணினி அதை விரிக்கும்பொழுது புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் 48 மெகாபைட் நினைவகத்தை அது பிடித்துக்கொள்ளுகிறது. மூட்டையாகக் கட்டிய வைக்கோலுக்கும் களத்தில் உதறிப் பரப்பிய வைக்கோலுக்கும் உள்ள வித்தியாசமே இது. முப்பது படங்களுக்கு 1,440 மெகாபைட். என்னுடைய 46 படங்களுக்கு 2,208 மெகாபைட். 32-பிட் வகையைச் சேர்ந்த மென்பொருளுக்கோ, விண்டோஸில் இயல்பாகக் கிடைக்கும் இடம் 2 கிகாபைட், அதாவது 2,048 மெகாபைட்டே. கணினியில் 16 கிகாபைட் நினைவகம் வாங்கிப் பொருத்தியிருந்தாலும் அவ்வகை மென்பொருளுக்கு இந்த எல்லை எளிதில் நகராது. பக்கம் பக்கமாய்ப் பார்க்கும்போது ஓரிரு படங்களையே விரிப்பதால் காலம் தள்ளும் மென்பொருள், பொதி கட்டும் வேளையில் பலவற்றை ஒருங்கே விரிக்க நேர்ந்து இடறி விழுகிறது. வேலையின் கடைசி நாளில் விபத்து நேர்வதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

பரிகாரம் எளிது. படத்தை மென்பொருளுக்குள் இடுவதற்கு முன்பே, வேறொரு படக்கருவியில் 1280 புள்ளி அகலமும் 960 புள்ளி உயரமும் உள்ளதாகக் குறைத்துவிட வேண்டும். அப்பொழுது ஒரு படம் விரிந்தால் 5 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். முப்பது படங்களும் சேர்ந்து 150 மெகாபைட்டைத் தாண்டா. கைப்பேசித் திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. முட்டைக் குவியல் போன்ற நுண்ணிய பொருளானால், முழுச் செடியின் படத்தையும் வைக்காமல் அந்த இலையை மட்டும் வெட்டி எடுத்து வைத்தல் நலம். வெட்டுவதையும் வெளியிலேயே செய்யவேண்டும். மென்பொருளுக்குள் வெட்டினால் கண்ணுக்கு மறைகிறதே தவிர, மறைந்த பகுதியும் கோப்பினுள்ளே பல கருவிகளில் அப்படியே தங்கிவிடுகிறது. இவ்வாறே, வேண்டாமென்று பக்கத்திலிருந்து நீக்கிய படமும் மென்பொருளின் பண்டசாலையில் சில கருவிகளில் கிடந்துகொண்டேயிருக்கும். வாரம் ஒருமுறை அப்பண்டசாலையைத் திறந்து, உபயோகத்திலில்லாதவற்றைக் களைய வேண்டும். பயிருக்குக் களையெடுப்பவருக்கு இதை வற்புறுத்திச் சொல்லவேண்டியதில்லை.

குரலுக்கும் இதே நியாயம் பொருந்தும். சுருக்கப்படாத இரட்டைத்தட ஒலிப்பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10½ மெகாபைட் கொள்ளும். பேச்சுக்குப் போதுமான எம்பி3 முறையில் ஒற்றைத்தடமாக விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் வைத்தால் நிமிடத்துக்கு அரை மெகாபைட் போதும். பேசுபவர் ஒருவர்தாமே, இரண்டு தடம் எதற்கு? சலனப்படத்தைப் பொறுத்தமட்டில், கைப்பேசியில் எடுத்ததை அப்படியே இடுவது சிக்கலை விலைக்கு வாங்குவதாகும். கைப்பேசி வெளிச்சத்துக்குத் தக்கபடி விநாடிக்கு எடுக்கும் படங்களின் எண்ணிக்கையை ஏற்றி இறக்குவதால், மென்பொருளில் உதடு ஒருபுறமும் குரல் ஒருபுறமுமாய்ப் பிரிந்து போவதுண்டு. ஹேண்ட்பிரேக் என்னும் இலவசக் கருவியில் எண்ணிக்கையை நிலையாக்கி, எச்.264 வகை எம்பி4 கோப்பாக மாற்றிய பின் சேர்த்தல் வேண்டும்.

இவ்வளவு குறைத்தபின்னும் ஒரே கோப்பில் எல்லாவற்றையும் அடைப்பது தகாது. கம்பளிப்புழுப் பாடத்தையே எடுத்துக்கொண்டால், கூட்டுப்புழுக்களை வெயிலுக்கும் பறவைகளுக்கும் வெளிப்படுத்தும் கோடையுழவு ஒன்று, அந்துப்பூச்சியும் விளக்குப்பொறியும் ஒன்று, முட்டையும் இளம்புழுவும் ஒன்று, வளர்ந்த புழுவும் பள்ளமும் ஒன்று என நான்கு பாடங்களாக, ஒவ்வொன்றும் எட்டு அல்லது பத்துப் பக்கமாகப் பிரிக்கலாம். ஒரு கோப்பு பழுதுபட்டாலும் மற்ற மூன்றும் பிழைக்கும். குடியானவருக்கும் இதுவே சௌகரியம். மழை பெய்த மறுநாள் விளக்குப்பொறியைத் தேடுபவர் கோடையுழவுப் பக்கங்களைக் கடந்துவர அவகாசம் இல்லாதவர்.

இவற்றையெல்லாம் செய்தும் மென்பொருள் மந்தமாகவே இருப்பின், அப்பொழுது இயந்திரத்தைப் பார்க்கலாம். சுழலும் தகட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி என்னும் வகைச் சேமிப்பகம் பொருத்துவதே பழைய கணினிக்குக் கைமேல் பலன் தரும். விண்டோஸ் 10 வைத்திருப்போர், அதற்கு மைக்ரோஸாப்ட் கம்பெனியார் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொது ஆதரவை நிறுத்திவிட்டனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

கோப்பை வைக்கும் இடம்

என் கோப்பு அழிந்ததற்குப் படங்களின் சுமை பாதிக் காரணமே. மறுபாதி, அது பென்டிரைவிலிருந்தபடியே திறந்து வேலை செய்ததாகும். மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாகவே கோப்பைச் சேமிக்கும். அவ்வமயம் பென்டிரைவ் சற்று அசைந்தாலும், மின்சாரம் நின்றாலும், பாதி எழுதிய நிலையில் கோப்பு முறிந்துவிடும். அலுவலகத்துப் பொதுக் கணினியிலுள்ள கோப்பைக் கம்பி வழியே திறந்து வேலை செய்வதிலும் இதே அபாயம் உண்டு. கூகிள் டிரைவ், ஒன்டிரைவ் முதலியவற்றின் ஒத்திசைவுக் கோப்புறையில் வைத்து வேலை செய்வதும் நல்லதன்று. மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும் அதே கணத்தில் ஒத்திசைவுக் கருவியும் கோப்பைப் பிடித்து இழுக்க, இரண்டுக்கும் தகராறு நேரிடும்.

ஆகவே கோப்பு எப்பொழுதும் தாம் வேலை செய்யும் கணினியின் சொந்தச் சேமிப்பகத்திலேயே இருத்தல் வேண்டும். மாலையில் மென்பொருளை முற்றிலும் மூடிய பிறகே பென்டிரைவுக்கும் இணையச் சேமிப்புக்கும் பிரதி எடுக்கவேண்டும். பிரதியைப் பழைய பெயரின்மேல் எழுதாமல், 01, 02, 03 எனத் தொடர் எண்ணிட்டுத் தனித்தனியே வைத்தல் நலம். பழுது நேர்ந்த கோப்பைப் பழைய நல்ல கோப்பின்மேல் எழுதிவிட்டுத் தவித்தவர்கள் அநேகர். மேசைக் கணினியானால் யூபிஎஸ் இன்றி இவ்வேலையைத் தொடங்கவே கூடாது.

கோப்புறைக்குள் கோப்புறையாக நீண்ட பெயர்களை அடுக்குவதும் ஓர் ஆபத்து. விண்டோஸில் பல மென்பொருள்கள், கோப்பின் முழு முகவரியும் சேர்ந்து 260 எழுத்துக்களைக் கடந்தால் திறக்கமாட்டா. மாவட்டம், வட்டம், கிராமம், திட்டம், ஆண்டு என்று பதிவேட்டுத் தலைப்பைப் போலப் பெயர் வைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் உண்டு. மின்பாடத்துக்கு அதை விட்டுவிடுக. படக் கோப்புகளுக்குத் தமிழில் பெயரிடுவதில் எனக்கு விருப்பமே எனினும், பொதி கட்டும்போது சில கருவிகள் அப்பெயர்களைச் சிதைத்துவிடுவதால், ரோமன் எழுத்தும் எண்ணுமாய்ச் சுருக்கமான பெயரே பாதுகாப்பானது.

கோப்பை எவ்வளவு பேணினாலும், மென்பொருளே மறைந்துபோகும் காலம் வரக்கூடும். ஃபிளாஷ் முறையில் அமைந்த மின்பாடங்கள் ஒரு காலத்தில் எங்கும் வழங்கின. அடோபி கம்பெனியார் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அதற்கு ஆதரவை நிறுத்தி, 2021 ஜனவரி 12 முதல் அது ஓடாமலும் தடுத்துவிட்டனர். மாற்றி அமைக்கப்படாத பாடங்கள் அன்றோடு ஊமையாயின. ஆகவே பாடத்தின் வாசகத்தைச் சாதாரண எழுத்துக் கோப்பாகவும், படங்களைக் குறைக்கப்படாத மூலமாகவும், குரலைச் சுருக்கப்படாத மூலமாகவும் தனியே ஒரு கோப்புறையில் வைத்திருக்கவேண்டும். குதிரில் உள்ள நெல்லைக் குத்திச் சாப்பிட்டாலும் விதைக்கோட்டையில் கை வைக்காதது போன்றது இது. விதை இருந்தால் வேறு மென்பொருளில் மறுபடியும் பயிர் செய்துகொள்ளலாம்.

தமிழ் எழுத்து

நமது அலுவலகங்களில் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய வாசகங்கள் இன்னும் ஏராளமாகக் கிடக்கின்றன. அவற்றில் உள்ளே இருப்பது உண்மையில் ரோமன் எழுத்துக்களே; எழுத்துருவின் முகமூடியால் தமிழாகத் தோன்றுகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கைப்பேசியில் முகமூடி கழன்று, பொருளற்ற எழுத்துக்கூட்டம் வெளிப்படும். இதற்கஞ்சிச் சிலர் வாசகத்தையெல்லாம் படமாக மாற்றி ஒட்டுகின்றனர். அதனால் சுமை பெருகுவதோடு, திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் கருவிக்கும் அவ்வாசகம் எட்டாது. கண்பார்வை மங்கிய முதியோருக்கு அப்பாடம் பயனற்றதாகும். தமிழ்நாடு அரசு 2010-ஆம் ஆண்டிலேயே யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டிருக்கிறது. ஆகவே பழைய வாசகத்தை எழுத்துமாற்றிக் கருவி கொண்டு யூனிகோடாக்கி, ஒருமுறை மெய்ப்புப் பார்த்து, அதன்பின் மென்பொருளில் இடுவதே முறை.

யூனிகோடுத் தமிழில் ஒரு குறியீட்டுக்கு யூடிஎப்-8 முறைப்படி 3 பைட் இடம் வேண்டும். "கி" என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்ததாகையால் 6 பைட். ஆனால் நூறு பக்க வாசகமும் ஒரு குறைக்காத புகைப்படத்துக்கு ஈடாகாது. எழுத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

படிப்பவரின் கைப்பேசியில்

தயாரிப்பவரின் கணினியில் ஓடும் பாடம் படிப்பவரிடம் நின்றுபோவதும் உண்டு. பாடங்களை மூடில் போன்ற தளங்களில் ஏற்றும்போது, பெரிய கோப்பு ஏறாமல் நின்றால் அதைப் பழுதென்று எண்ணற்க. அத்தளங்களுக்கு அடிப்படையாகிய பிஎச்பி மொழியில் ஏற்றும் கோப்புக்கு இயல்பாக வைத்துள்ள வரம்பு 2 மெகாபைட்டே; தளத்தைப் பேணுபவரிடம் சொல்லி உயர்த்திக்கொள்ளலாம்.

மற்றொன்று, அநேகர் காரணம் அறியாமல் வருந்துவது. பாதிப் பாடம் படித்து மூடிவிட்டு மறுநாள் திறக்கும்போது, விட்ட இடத்தில் தொடராமல் முதற்பக்கத்துக்கே போய்விடுகிறது. படிப்பவர் எங்கே நிறுத்தினார், எந்த வினாவுக்கு என்ன விடை கூறினார் என்பதை மென்பொருள் ஸ்கார்ம் என்னும் பொது விதிப்படி தளத்துக்கு எழுதியனுப்புகிறது. 2001-இல் வந்த ஸ்கார்ம் 1.2 விதிப்படி அக்குறிப்புக்குக் கொடுத்த இடம் 4,096 எழுத்துக்கள் மட்டுமே. பக்கமும் வினாவும் மிகுந்த பாடத்தில் அது நிரம்பி வழிந்து, குறிப்பு முழுவதும் கெட்டுவிடும். ஸ்கார்ம் 2004-இன் பிந்திய பதிப்புகளில் இவ்விடம் 64,000 எழுத்துக்களாக உயர்த்தப்பட்டது. தளம் அதை ஏற்குமானால் பொதியை அவ்வகையில் கட்டலாம். ஏற்காவிடின் பாடத்தைச் சிறிதாகப் பிரிப்பதே வழி. வயல்வேலைக்கு நடுவே பாடம் படிப்பவர், முதலிலிருந்து மறுபடி தொடங்கு என்று இரண்டு முறை சொல்லப்பட்டால் மூன்றாம் முறை திறக்கமாட்டார்.

இலேசான பாடம் மட்டமான பாடம் என்ற எண்ணம் சிலருக்கு உண்டு. அண்டையிலேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. 1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுவைப் பகுதியில் வில்லியனூரை நடுநிலையமாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபொழுது, தொலைபேசிக் கம்பி நம்பத்தக்கதாயில்லை, மின்சாரமும் அப்படியே. அவர்கள் கம்பியில்லா ரேடியோவையும் சூரிய ஒளி மின்கலத்தையும் துணைக்கொண்டனர். வீராம்பட்டினத்து மீனவருக்குக் கடல் அலையின் உயரத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். தேனிப் பகுதியில் காமன்வெல்த் கல்வி அமைப்பின் உழவர் வாழ்நாட்கல்வித் திட்டத்தில், விடியல் என்னும் சங்கத்துப் பெண்கள் ஆடு வளர்ப்பைச் சிறு குரற்செய்திகளாகக் கைப்பேசியில் கேட்டுக் கற்றனர். பொத்தானுள்ள சாதாரணக் கைப்பேசியே அதற்குப் போதுமானதாயிருந்தது. நம் நான்கு பாடங்களிலும் படத்தால் மட்டுமே விளங்குவது முட்டைப் பகுதி ஒன்றே. மற்ற மூன்றும் குரலாலேயே பெரும்பாலும் விளங்கிவிடும். மென்பொருளைத் திறப்பதற்கு முன் இவ்விதம் பிரித்துப் பார்ப்பவர் பாதி வேலையைக் குறைத்துக்கொள்கிறார்.

மாசி, பங்குனி மாதங்களில் வேலை இலேசாயிருக்கும்போதே படங்களைச் சேகரித்துக் குறைத்து வைத்துக்கொண்டு, பங்குனி முடிவுக்குள் பொதி கட்டிவிட வேண்டும். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் உடனே பொதி கட்டிச் சோதித்தால், எந்தப் பக்கத்தால் இடறுகிறது என்பது அன்றே தெரியும். நான்கையும் சேர்த்துக் கடைசியில் சோதித்தால் தெரியாது. சோதனையை அலுவலகத்துக் கணினியில் மாத்திரம் செய்யாமல், ஊரில் உள்ள மலிவான கைப்பேசி இரண்டில், மலையடிவாரத்தில் அலைவரிசை மங்கும் இடத்தில் நின்று செய்து பார்க்க வேண்டும். அங்கே முதற்பக்கம் திறக்கத் தாமதமானால், அப்பக்கத்துப் படத்தை இன்னும் குறைத்துவிட்டு மறுபடி பொதி கட்டுக. முட்டைக் குவியலின் படத்தை மட்டும் காகிதத்தில் பெரிதாக அச்சிட்டு, கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்துச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் சித்திரை மாதத்துக்குள் ஒட்டி வைத்துவிடலாம். நான் இப்பொழுது ஆண்டுதோறும் அவ்வாறே செய்து வருகிறேன்.